மாமாவின் மூக்கும் எட்டுப் பெண்களும்

1

மழையங்கியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறும்போது அம்மாவின் குரல்பதிவு வந்தது. டென்மார்க்கின் மேற்கு ஓரத்தில் நாங்கள் இருக்கும் இந்தச் சிறிய ஊரில் வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழைக்கான ஏற்பாடு. கையுறையைக் கழற்றிப் போனைக் காதில் வைத்தேன்.

"கண்ணு, சாப்பிட்டியா? உன்ர மாமனோட மூக்கை எதுக்கு சாமி புத்தகத்துல போட்டே? நேத்திருந்து அவன் எங்கிட்டப் பேசறதில்ல. காபி குடிக்கக்கூட இந்தப் பக்கம் வரல. சரி, நல்லா இரு."

அம்மாவின் குரல்பதிவு எதுவானாலும் "சாப்பிட்டியா"வில் தொடங்கி "நல்லா இரு"வில் முடியும். நடுவில் என்ன இடிந்து விழுந்திருக்கிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாமா என்பது சென்னியப்பன் மாமா, அம்மாவின் தம்பி. திருப்பூர் நல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். முன்னால் வீடு, பின்னால் கம்பெனி. அப்பா போனபின் அம்மா அந்த வீட்டின் ஓர் அறையில் இருக்கிறார். ஆகவே மாமா அம்மாவிடம் பேசவில்லை என்றால், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு பேசவில்லை என்று பொருள். அடுத்த மாதம் மாமா மகளின் கல்யாணம். நானும் மகளும் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

2

மூக்கு எப்படிப் புத்தகத்தில் ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும்.

டிப்ளமோ முடித்ததும் மாமாதான் தன் நண்பர் ஒருவரின் ஏற்றுமதிக் கம்பெனியில் என்னை மெர்ச்சண்டைசராகச் சேர்த்துவிட்டார். வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையர் கேட்கும் சட்டையைப் படமாக வரைந்து, கழுத்து இவ்வளவு, கை இவ்வளவு என்று குறித்துத் தையல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். நான்கு வருடம் வரைந்தேன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உள்ளே ஆள் இல்லாத சட்டைகள். அந்தத் தாள்களின் பின்புறத்தில் சாப்பாட்டு நேரத்தில் கதை எழுதுவேன். கதை ஓடாதபோது எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரை வரைவேன். அப்படித்தான் இரண்டும் சேர்ந்து வந்தன.

பிறகு கல்யாணம். கணவர் செந்தில், பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவே நிற்கும் காற்றாலைகளில் ஏறி வேலை பழகியவர். அந்தத் தொழில் அவரை இங்கே கொண்டுவந்தது, அவர் என்னையும் இரண்டு வயது மகளையும் கொண்டுவந்தார். பன்னிரண்டு வருடம் ஆகிறது.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒன்று கவனித்தேன். எழுத்தாளர்கள் என் படங்களைப் பாராட்டுவார்கள். ஓவியர்கள் என் கதைகளைப் பாராட்டுவார்கள். ஒரு மூத்த எழுத்தாளர், "படம் போடுவதை நிறுத்துங்கள், எழுத்து நீர்த்துப்போகும்" என்றார். கோயம்புத்தூரில் ஓர் ஓவியர், "உங்கள் கோடுகளில் கதை அதிகமாக இருக்கிறது, கதையை வெளியேற்றுங்கள்" என்றார். இருவர் சொன்னதையும் கேட்டிருந்தால் இந்நேரம் நல்ல ஓய்வு கிடைத்திருக்கும்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு சிற்றிதழுக்குக் கதை அனுப்பினேன். ஆடிட் நாளைப் பற்றியது. வெளிநாட்டிலிருந்து கம்பெனியைப் பார்வையிட ஆட்கள் வரும் காலையில், பஞ்சுத் தூசி பறக்கும் பிரிவில் வேலை செய்யும் பெண்களுக்கு முதலாளி மாஸ்க் கொடுக்கிறார். நாலு மணிக்கு ஆடிட் கார் கேட்டைத் தாண்டியதும் அட்டைப்பெட்டியோடு மேனேஜர் வந்து எல்லாவற்றையும் திரும்ப வாங்குகிறார். தேவி என்ற பெண் மட்டும் கொடுக்க மறுக்கிறாள். "நாளைக்கும் பஞ்சு பறக்குமே" என்கிறாள். அதோடு கதை முடியும். திரும்ப வாங்கியது, அந்த நண்பரின் கம்பெனியில் நான் கண்ணால் பார்த்தது. மறுத்த பெண்ணை நானே உண்டாக்கினேன். உண்மையில் அன்று எல்லோரும் கொடுத்துவிட்டார்கள், நான் உட்பட.

ஆசிரியர் போன் செய்தார். "கதை நல்லாருக்குங்க. படம் போடறவர் சினிமாவுக்குப் போயிட்டார். நீங்களே ஒண்ணு வரைஞ்சு அனுப்பிருங்களேன்."

நாற்பது நிமிடத்தில் வரைந்தேன். முன்னால் முதலாளி, பின்னால் மாஸ்க் போட்ட எட்டுப் பெண்கள். பனியன் கம்பெனி முதலாளி என்று நினைத்ததும் கை தனக்குத் தெரிந்த ஆளை வரைந்துவிட்டது. நுனியில் அகன்று, ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு. காதோரம் மட்டும் மிச்சமிருக்கும் முடி. சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது. அனுப்பும்வரை அது மாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை இதுவரை யாரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

3

இங்கே என் நிலைமை வேறு. இந்த ஊரில் என் எழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் செந்தில்; அவர் படிப்பதில்லை. இன்னொருவர் நான்.

நான் பாலர் பள்ளியில் உதவியாளர். சேர்ந்த புதிதில், குழந்தைகளைப் பூனை வரையச் சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலச் சொல்லைப் போட்டு அகராதியில் டேனிஷ் சொல்லை எடுத்துக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் வரைவதற்கும் இழுப்பதற்கும் ஒரே சொல் வருமென்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. "எல்லாரும் ஆளுக்கொரு பூனையை இழுங்கள்" என்று தெளிவான உச்சரிப்பில் சொன்னேன். ஒரு குழந்தை எழுந்து ஜன்னல் வழியே பூனையைத் தேடியது. அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துப் பலகையில் வரைய ஆரம்பித்தேன். மருந்துக்கடை, இரும்புக்கடை எங்கும் பையில் ஒரு சிறு நோட்டு. கழிவறை அடைப்பு எடுக்கும் ரப்பர்க் குச்சியைக்கூட வரைந்துதான் வாங்கினேன். கடைக்காரர் அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லை, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். என் முதல் டேனிஷ் ரசிகர்.

நிரந்தரமாக வசிக்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போனபோது தொழில் என்ற கட்டத்தில் எழுத்தாளர், ஓவியர், பாலர் பள்ளி உதவியாளர் என்று மூன்றையும் எழுதினேன். அலுவலகத்தில் இருந்த இளைஞர் மிகுந்த மரியாதையோடு, கணினி ஒன்றைத்தான் ஏற்கும் என்றார். யோசித்துச் சொல்ல எனக்கு அவகாசமும் தந்தார். நான் நீண்ட நேரம் யோசிக்கவே, அவரே "பிற" என்று குறித்துவிட்டார். ஓவியமும் எழுத்தும் தெரிந்தவர்களுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர்களில் இதுவே நேர்மையானது.

சென்ற வருடம் ஊர் நூலகத்தில் என் படங்களை மாட்டினார்கள். கூடவே என் கையெழுத்தில் ஒரு கதையின் பக்கத்தையும் கண்ணாடிச் சட்டமிட்டு வைத்தார்கள். திறப்பு நாளில் நூலக அம்மையார் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றிலும் அந்தப் படம்தான் தன்னை உலுக்கியது என்றார். சுழிகளில் ஒரு தாளம் இருக்கிறதாம். பார்த்தேன். பக்கம் தலைகீழாகத் தொங்கியது. மூன்று வாரம் அப்படியே தொங்கியது. நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தாளம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

மகள் மீராவுக்குப் பதினான்கு வயது. தமிழ் கேட்டால் புரியும், பேசினால் எங்களுக்குப் புரியாது, எழுத்து தெரியாது. சிற்றிதழ் தபாலில் வந்ததும் புரட்டினாள்.

"இது நல்லூர் தாத்தாதானே?" என்றாள்.

"கதையில் வரும் ஒருவர்."

"அவர் பேனாகூடப் போட்டிருக்கே." தாளைத் திருப்பினாள், எழுத்துகளைத் தாண்டினாள், கடைசிப் பக்கத்தில் ஊறுகாய் விளம்பரத்தைப் பார்த்தாள். "வேற படம் இல்லையா, அம்மா?"

பதினெட்டுக் கதை எழுதியிருக்கிறேன். என் மகள் படித்தது அந்த ஒரு படம்.

4

அம்மாவின் குரல்பதிவுக்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பல்லடத்தில் பெரியம்மா மகன் படத்தை மட்டும் போனில் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறான். அங்கிருந்து நல்லூர் பனியன்காரர்கள் குழுவுக்கு. அங்கிருந்து, நூல் சப்ளை செய்பவர், பட்டன் சப்ளை செய்பவர், அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர். யாரோ முகத்தை மட்டும் வெட்டி ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். காலை வணக்கத்துக்கு மாமாவின் மூக்கைப் போட்டார்கள்.

அவனுக்குப் போன் செய்தேன். "கதையப் படிச்சயா?"

"கதையா? அதுல கதையும் இருக்குதுங்களா அக்கா?"

கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. மாமாவுக்கு நேர்ந்த அவமானத்துக்காக என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில், கதையை ஒருவரும் படிக்கவில்லையே என்றுதான்.

மாமாவுக்கு நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஐந்தாம் முறை மாமி எடுத்து, "வேலையா இருக்காருங்க அம்மிணி" என்றார். மாமி என்னை இதுவரை "ங்க" போட்டுப் பேசியதில்லை. அந்த இரண்டு எழுத்தில் நான் சொந்தத்திலிருந்து தள்ளி நிறுத்தப்பட்டேன்.

5

கல்யாணத்தன்று மாமா மண்டப வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார். மருமகளைக் கும்பிட்ட மாமனைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பன்னீர்ச் செம்புக்காரப் பெண்ணே சங்கடப்பட்டாள். மீராவை மட்டும் தலையைத் தடவி, "சாப்பிடு கண்ணு" என்றார்.

உள்ளே எனக்கு நல்ல மரியாதை. பந்தியில் வரிசையாக வந்து பார்த்தார்கள்.

"நீங்கதானே நம்ம சென்னியப்பனை வரைஞ்சது? அச்சு அசலுங்க."

"என்னையும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க அம்மிணி. முடி கொஞ்சம் தாராளமாப் போட்டுருங்க."

சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒரு முதலாளி, தன் புது டி-ஷர்ட் வரிசைக்கு இந்த மாதிரி முகங்கள் கிடைக்குமா, எத்தனை நாளில் முடியும் என்று விசாரித்தார். கதை என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு கல்லூரி ஆசிரியர் வந்து, "உங்க கதை" என்று தொடங்கினார். நான் இலையை விட்டு எழுந்தேவிட்டேன். "உங்க கதை வந்த இதழ்ல என் கட்டுரையும் வந்திருக்குங்க. படிச்சீங்களா?"

படிக்கவில்லை.

6

மூன்றாம் நாள் காலை கம்பெனி ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. மாமா கூப்பிடுகிறார்.

மேஜைமேல் அந்த இதழ் இருந்தது. நிறையக் கை பட்டு மூலை மடங்கியிருந்தது. சுவருக்கு அப்பால் தையல் மெஷின்களின் இரைச்சல். வடக்கத்திப் பெண்கள் இரண்டு பேர் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரிப்பது அதையும் தாண்டிக் கேட்டது.

"உக்காரு" என்றார். "எல்லாரும் படத்தையே காட்டறாங்க. உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டா ஒருத்தனும் சொல்லமாட்டேங்கறான். நான் அஞ்சாவதோட நின்னவன். பில்லு, செக்குன்னா படிப்பேன். இத்தனை நீளத்துக்கு நம்மால ஆகாது. கண்ணும் இப்பத்தான் ஆபரேசன் பண்ணியிருக்குது. நீயே படி."

"இப்பவேங்களா மாமா?"

"எழுதும்போது தெரியாத வெக்கம் படிக்கும்போது எதுக்கு?"

படித்தேன். டென்மார்க்கில் என் மேஜையில் மிகக் கூர்மையாகத் தெரிந்த கிண்டல்கள், அவர் எதிரே ஒவ்வொன்றாகச் சப்பென்று விழுந்தன. முதலாளியின் பேராசையை வர்ணிக்கும் பத்தியில் இரண்டு வரியைத் தாண்டிப் போகப் பார்த்தேன். "விட்டுப் படிக்காதே" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது.

மாஸ்க்கைத் திரும்ப வாங்கும் இடம் வந்தது. பிறகு தேவி. "நாளைக்கும் பஞ்சு பறக்குமே." முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"உங்கம்மா சொன்னாளா?" என்றார்.

"என்னதுங்க மாமா?"

"இந்தப் பொண்ணு மேட்டரு."

"அது நானா எழுதுனதுங்க. அந்தப் பொண்ணு நெசமில்ல."

"நெசமில்லியா." ஜன்னலைப் பார்த்தார். "அவ பேரு ஈஸ்வரி. பொங்கலூர்க்காரி. பேக்கிங் பக்கம் நின்னுட்டு இதேதான் சொன்னா. நாளைக்குத் தூசி வராதுங்களான்னு கேட்டா. அத்தனை பேர் முன்னாடி. அடுத்த நாள் வேலைக்கு வரவேண்டாம்னு மேனேஜரை விட்டுச் சொல்லிப்போட்டேன். அதை நீ எழுதல."

மாமா கம்பெனியிலும் மாஸ்க்கைத் திரும்ப வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. நண்பரின் கம்பெனியில்தான் அப்படி என்று நினைப்பது வசதியாக இருந்தது.

"அப்ப மூக்குக்காகக் கோவம் இல்லீங்களா?"

"மூக்குக்கும்தான்" என்றார் மாமா. "ஆனா மூக்கு என்ர அப்பன் குடுத்தது. இது நானாப் பண்ணுனது."

கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் அவ என்ன ஆனாளோ. கேக்கல. நீ போய்ப் பாத்துட்டு வா கண்ணு. நான் போனா நல்லா இருக்காது. டிரைவருக்கு ஊடு தெரியும், அந்தப் பக்கம் ஆளேத்தற வேன் ஓட்டுனவன்தான்."

அவர் என்னை மறுபடி கண்ணு என்றுவிட்டார். அதே சமயம், இதில் ஒரு கதை இருக்கிறது என்று தலைக்குள் ஒரு மணியும் அடித்தது. எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

7

பொங்கலூர் போகும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஓடு பெயர்ந்த வீடு. இருமும் பெண். அழுதால் எப்படித் தேற்றுவது, அவரே பேசட்டும் என்று கேட்டால் மாமாவைப் போனில் எப்படிப் பேசவைப்பது. நோட்டும் பென்சிலும் பையில் இருந்தன. படமும் வரலாம் என்று எடுத்துவைத்தேன்.

வீடு புதிதாகப் பூசிய மஞ்சள் வீடு. ஈஸ்வரிக்கு என் வயதுதான் இருக்கும். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னேன்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க. ஓனரு அக்கா மகளுங்களா? அவரு நல்லா இருக்காருங்களா?"

தண்ணீர் கொடுத்தாள். நான் தயங்கித் தயங்கி, மாமா வேலையை விட்டு நிறுத்தியதைப் பற்றி அவர் மிகவும் வருந்துகிறார் என்றேன்.

"நிறுத்துனாருங்களா? எப்பங்க?"

"அந்த மாஸ்க் விஷயத்துக்கு மறுநாள்."

"அட, மறுநாள் நான் போகவே இல்லீங்களே" என்றாள். "அன்னிக்குச் சாயந்தரமே முடிவு பண்ணீட்டேன். மேனேஜர் போன் பண்ணாரு, நான் எடுக்கல. அதுல சொன்னாரோ என்னமோ."

இத்தனை வருடம் மாமா சுமந்தது அவள் எடுக்காத ஒரு போன் அழைப்பை.

"இப்ப எங்க வேலை?"

"பல்லடத்துல கோழிக்குஞ்சுப் பண்ணைல. அங்க தினம் மாஸ்க் குடுப்பாங்க, புதுசு. கையுறை, தொப்பி எல்லாம் உண்டு."

"பரவாயில்லையே."

"எங்களுக்கில்லீங்க. நம்ம மூச்சு பட்டுக் குஞ்சுக்குச் சீக்கு வந்துருமாம்." அவள் சிரித்தாள். "எதுக்கோ, குடுக்கறாங்கல்ல."

இதழைக் காட்டினேன். படத்தை ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தாள்.

"ஓனருதான். பேனாவெல்லாம் கரெக்டா இருக்குது. பின்னாடி யாருங்க இவங்க?"

"வேலை செய்யறவங்க."

"இதுல நான் யாரு?"

எட்டுப் பெண்களையும் பார்த்தேன். எட்டு மாஸ்க், பதினாறு கண். ஒரு பெண்ணை வரைந்து மற்ற ஏழையும் கை அப்படியே பிரதி எடுத்திருந்தது. எழுதாத பேனாவுக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு துளிகூட அங்கே இல்லை.

"மாஸ்க் போட்டிருக்கறதால..." என்றேன்.

"மாஸ்க் போட்டாத்தானுங்க நல்லாத் தெரியும். கண்ணு மட்டும்தான இருக்குது. நாங்க கண்ணை வெச்சே இன்னாருன்னு சொல்லிப்போடுவோம்."

"நீங்க இதுல இல்லீங்க" என்றேன். "யாருமே இல்ல."

அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப உக்காந்து வரைங்க. எனக்கு ரெண்டு மணிக்குத்தான் வண்டி."

வரைந்தேன். அவள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. வெங்காயம் உரித்தாள், குக்கரை இறக்கினாள், டிரைவருக்குத் தட்டுப் போட்டாள். நாற்பது நிமிடத்தில் முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது. வலது கண் இடதைவிடச் சற்றுச் சிறியது, சிரிக்கும்போது அது முழுதாக மூடிக்கொள்ளும் என்பதைப் பிடிக்க நான்கு தாள் வீணாயிற்று.

வரைந்து முடிப்பதற்குள் அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, இதழை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கதையைப் படிக்க ஆரம்பித்திருந்தாள். உதடு அசையப் படித்தாள். ஊரில் என் கதையைப் படிக்கும் முதல் ஆள். நான் பென்சிலை வைத்துவிட்டேன்.

"தேவிங்கறது யாருங்க?"

"அது நீங்கதான்னு மாமா சொன்னாரு. கதைல பேரை மாத்தி வைக்கறது வழக்கமுங்க."

"ஏனுங்க, என்ர பேருக்கு என்ன?"

பையிலிருந்து பேனாவை எடுத்து, இதழை வாங்கினேன். முதல் தேவியை அடித்து மேலே ஈஸ்வரி என்று எழுதினேன். பக்கத்தைத் திருப்பி அடுத்தது, அதற்கு அடுத்தது. அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்து மூடப் போனபோது அவள் விரல் வந்து கடைசி வரியில் ஒரு தேவியின்மேல் நின்றது.

"இங்க ஒண்ணு விட்டுப்போட்டீங்க."